கிரைப் வாட்டர் பாட்டில்

போன மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாதவரத்தில் ஆறாவது மாடி. மகள், மாப்பிள்ளை இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பேரனுக்கு ஒன்றரை வயது. தரையில் கிடக்கும் எதையும் எடுத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அது என்னவென்று முடிவு செய்வான்.

நான் போன நேரத்தில் மகள் சமையலறையில் நின்று ஒரு ஐந்து லிட்டர் கேனிலிருந்து தரை துடைக்கும் பினாயிலைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாம்பழ ஜூஸ் வந்த பாட்டில் அது. "பெரிய கேனைத் தூக்க முடியலப்பா. இதுல ஊத்தி வச்சா ஒரு கையால எடுத்துடலாம். எப்படி ஐடியா?" என்றாள்.

நான் கத்திவிட்டேன். "கீழே வை அதை!" என்று கத்தியதில் பேரன் பயந்து அழ ஆரம்பித்தான். மகள் திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் குரலை உயர்த்தி இருபது வருடம் ஆகியிருக்கும். ஏன் கத்தினேன் என்று அன்றைக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், அவளுக்கு அந்தக் கதையை நாங்கள் இதுவரை சொன்னதே இல்லை என்பது புரிந்தது. ஆகவே இங்கே எழுதுகிறேன். அவளும் படிப்பாள்.

அதற்கு 1985-லிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது எங்கள் குடித்தனம் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில். ஒரே வீட்டில் ஐந்து குடித்தனங்கள், ஒரு குழாய், இரண்டு கழிப்பறை. எனக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூன்று ஷிப்ட் மாறி மாறி வரும். மனைவி அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. மூத்தவன் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்தான். 1880-லிருந்து வடசென்னைப் பிள்ளைகளில் பாதிப் பேர் கண் திறந்து பார்த்தது அந்த மருத்துவமனைச் சுவரைத்தான் என்று எங்கள் பக்கத்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

பிரசவ விடுப்பு மூன்று மாதம்தான். இப்போது தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021-லிருந்து பன்னிரண்டு மாதம் தருகிறார்கள். தனியார் நிறுவனங்களுக்கும் 2017-இல் சட்டத்தைத் திருத்தி 26 வாரம் ஆக்கினார்கள். எங்களுக்குக் கிடைத்த மூன்று மாதத்தில் பிள்ளைக்குத் தலைகூட நிற்காது. என் அம்மா ஊரில் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், மாமியார் இல்லை. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகளுக்கு ஓர் அறை ஒதுக்க வேண்டும் என்று அப்போதைய தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. என் தொழிற்சாலையில் பெண்களே கிடையாது. மனைவியின் பள்ளிக்கூடத்தில் பெண்கள் நிறையப் பேர். ஆனால் பள்ளிக்கூடம் தொழிற்சாலை கிடையாதே! ஆகவே நான் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வீடு வந்ததும் அவள் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவாள். பகல் ஷிப்ட் வாரங்களில் பக்கத்துக் குடித்தனத்து ஆயாதான் கதி.

ஆயா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்று, எட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். எங்களைப் போலப் புத்தகம் படித்துப் பிள்ளை வளர்க்கிறவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும். முதல் நாளே, கடையில் வாங்கிய மரத் தொட்டிலைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு டீச்சரம்மா துட்ட கரியாக்குன? ஒரு பழைய பொடவைய குடு" என்றார். உத்தரத்தில் இருந்த வளையத்தில் கயிற்றைக் கோத்து, புடவையைக் கட்டி, நடுவில் புடவை மூடிக்கொள்ளாதபடி ஒரு கட்டையைச் செருகி, பத்து நிமிடத்தில் தூளி தயார். மூத்தவன் அரை மணி நேரத்தில் தூங்கிப் போனான். மரத் தொட்டிலில் அதன்பிறகு துவைத்த துணிகளைத்தான் போட்டு வைத்தோம்.

அதில் நான் செய்த 'முன்னேற்றம்' ஒன்று உண்டு. தூளியில் ஒரு நூல் கயிற்றைக் கட்டி, ஜன்னல் கம்பி வழியாக விட்டு, சமையலறை வரைக்கும் கொண்டுபோனேன். மறுமுனையில் ஒரு வளையம். மனைவி அதைக் கால் கட்டை விரலில் மாட்டிக்கொண்டு, ஆட்டியபடியே காய் நறுக்குவாள். குடித்தனக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆயா மட்டும், "நைனா, புள்ள கொஞ்சம் பெருசாச்சுன்னா கயிறு கையுல மாட்டும். ஆறு மாசத்துல அவுத்துடு" என்றார். சொன்னபடி அவிழ்த்துவிட்டேன். தூளியில் ஏறி விளையாடும்போது துணி கழுத்தில் முறுக்கிக்கொண்டு இறந்த பிள்ளைகளைப் பற்றி இப்போதும் செய்தித்தாளில் படிக்கிறேன். இந்தக் காலத்து மருத்துவர்கள் கைக்குழந்தையைச் சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். ஆயா அதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் ஒரு பொருளைப் பார்த்ததும் அது எதற்கு உதவும், எப்போது ஆபத்தாகும் என்ற இரண்டு கேள்வியும் அவருக்குச் சேர்ந்தே வரும். எனக்கு அப்போது முதல் கேள்விதான் வரும். இரண்டாவது கேள்வி எப்போது வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

துணி விஷயத்தில் எங்கள் வீட்டில் எதுவும் வீணாகாது. என் பழைய வேட்டி நாலாகக் கிழிபட்டு, மூத்திரத் துணியாகும். புது வேட்டி ஆகாது. ஐம்பது தடவை துவைத்து நைந்த வேட்டிதான் பிள்ளையின் தோலுக்கு இதம். ஒரு நாளைக்கு இருபது துணி. மழைக்காலத்தில் காயாது. கவிழ்த்து வைத்த மூங்கில் கூடைமேல் துணியை விரித்து, அடியில் கொஞ்சம் தணலை வைத்தால் ஒரு மணி நேரத்தில் உலரும். பக்கத்தைவிட்டு நகரக் கூடாது என்பது விதி. பிள்ளை கழிப்பறைக்குப் போகக் கற்றுக்கொண்டதும் அந்தத் துணி வெந்நீரில் கொதித்து, கரித்துணியாகி அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும். அதுவும் கறுத்துப்போனால் என் சைக்கிளைத் துடைக்கும். கடைசியில் சைக்கிள் செயினில் தேய்ந்து காணாமல் போகும். ஒரு வேட்டிக்கு ஏறத்தாழ எட்டு வருட ஆயுள். பிள்ளையின் அடியில் போட்ட சிவப்பு ரப்பர் ஷீட், பின்னாளில் மழை ஒழுகும் மூலையில் புத்தக அலமாரிக்குக் குடையானது.

பால் பவுடர் டின் அடுத்தது. அப்போதெல்லாம் டின்மேல் ஒரு குண்டுக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து, இந்தப் பவுடரைக் கொடுத்தால் நம் பிள்ளையும் அப்படி ஆகிவிடும் என்று நம்பியவர்கள் நிறையப் பேர். 1992-இல் வந்த சட்டம் அந்தக் குழந்தைப் படத்தையும் விளம்பரத்தையும் சேர்த்து நிறுத்தியது. நல்ல காரியம். எங்கள் வீட்டில் தாய்ப்பாலோடு, பள்ளி நேரத்துக்கு மட்டும் பவுடர். மாதம் இரண்டு டின் காலியாகும். ஒன்றில் உளுந்து, ஒன்றில் துவரை. ஒரு டின்னின் பக்கவாட்டில் ஆணியால் ஓட்டை போட்டு, கம்பியில் பிடி வைத்து, சாம்பிராணி போடுவதற்கு வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் பிள்ளையின் தலைமுடியை அந்தப் புகையில் காட்டுவாள் ஆயா. ஒரு டின் மூடியில் கீறல் போட்டால் உண்டியல். அடியில் ஓட்டை போட்டால் துளசிச் செடி. இரண்டு டின்னையும் கயிற்றில் கட்டினால் பிள்ளைகளுக்குத் தொலைபேசி. எங்கள் ஊரிலேயே தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்ததால் காலித் தீப்பெட்டிக்கும் பஞ்சமில்லை. மூத்தவன் வீட்டு வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் தீப்பெட்டி ரயில் விடுவான்.

பால் பாட்டிலைக் கழுவும் பிரஷ்தான் எங்கள் வீட்டில் அதிகம் உழைத்த பொருள். பிள்ளை பாட்டிலை நிறுத்தியதும் அது பிளாஸ்க் கழுவியது; பிறகு லாந்தர் கண்ணாடியின் கரி எடுத்தது; கடைசியில் மேசை மின்விசிறியின் கம்பி இடுக்கில் தூசி தட்டியது. பாட்டில்மேல் அளவுக் கோடு போட்டிருக்கும் அல்லவா? அதை வைத்து மனைவி கஷாயத்துக்குத் தண்ணீர் அளப்பாள். குடை மாதிரி விரியும் குழந்தைக் கொசுவலை மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் இருந்தது. ஆயா அதைக் கடன் வாங்கி நெத்திலிக் கருவாட்டின்மேல் கவிழ்ப்பார். திரும்பி வரும்போது வாசனையோடு வரும். மூன்று சக்கர நடைவண்டியைக் கவிழ்த்துச் சுவரோரம் வைத்தால் குடைகளுக்கும் என் ஷிப்ட் பைக்கும் ஸ்டாண்டு.

இதை எல்லாம் நான் ஒருவன் செய்ததாக நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்தின் குணமே அது. துறைமுகத்தில் இயந்திரங்களைப் பொதிந்து வந்த தேவதாருப் பலகைகள் இங்கே கட்டிலாகும், கதவாகும், பெட்டிக்கடையாகும். பழைய ஸ்கூட்டர் இன்ஜினை மூன்று சக்கரச் சைக்கிளில் பூட்டினால் மீன்பாடி வண்டி. அதில் ஐஸ் பெட்டியும் போகும், கல்யாணச் சீர்வரிசையும் போகும். டயருக்குப் பெயர் போன எம்.ஆர்.எஃப். கம்பெனியே 1946-இல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்ததுதான். பலூன் செய்த ரப்பர் லாரிக்குச் சக்கரமாகும் ஊரில் பால் டின் உண்டியலாவதில் என்ன ஆச்சரியம்?

குடித்தனத்தில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. எது உடைந்தாலும் "டீச்சர் வூட்டுக்காரரைக் கேளு" என்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான். எந்தக் காலிப் பாட்டிலைப் பார்த்தாலும் இதை வைத்து என்ன செய்யலாம் என்று கை பரபரக்கும். 1989-இல் மகள் பிறந்தபோது, அனுபவசாலி என்ற நினைப்பு வேறு சேர்ந்துகொண்டது.

1990 ஐப்பசி. அப்போது எங்களுக்குக் காஸ் இணைப்பு வந்துவிட்டது. ஆனால் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வரும்வரை நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களுக்குப் பம்ப் ஸ்டவ். அந்த ஸ்டவ்வைப் பற்றவைக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: பர்னருக்குக் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக மண்ணெண்ணெய் ஊற்றி, கொளுத்தி, பர்னர் சூடானதும் பம்ப் அடிக்க வேண்டும். ஐந்து லிட்டர் டின்னைச் சாய்த்து அந்தக் கிண்ணத்தில் ஊற்றுவது பெரிய சர்க்கஸ். பாதி தரையில் கொட்டும். அதன்மேல் தீக்குச்சி விழுந்தால் அவ்வளவுதான்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மகளுக்கு வாங்கிய கிரைப் வாட்டர் பாட்டில் ஒன்று காலியாக இருந்தது. கைக்கு அடக்கமான கண்ணாடி பாட்டில், குறுகிய வாய், இறுக்கமான மூடி. நன்றாகக் கழுவி, காயவைத்து, மண்ணெண்ணெய் நிரப்பி, ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. மனைவி, "இது நல்லா இருக்குங்க" என்றாள். இரண்டு குடித்தனக்காரர்கள் அதே மாதிரி செய்துகொண்டார்கள்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை. இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தேன். மனைவி பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச ஸ்டவ்வைப் பற்றவைத்து, பாட்டிலைக் கீழே தரையிலேயே வைத்தேன். மூடியைச் சரியாகத் திருகினேனா, இல்லையா? முப்பத்து சொச்சம் வருடமாக யோசிக்கிறேன், நினைவுக்கு வரவில்லை. வாசலில் தண்ணீர் லாரி வந்த சத்தம். குடத்தை வரிசையில் வைக்க ஓடினேன். மூன்று நிமிடம் இருக்குமா? இருக்காது.

திரும்பி வந்தபோது மகள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து இருமிக்கொண்டிருந்தது. சட்டையெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். அவளுக்கு அந்தப் பாட்டில் தெரியும். இனிப்பாக ஒன்று அதிலிருந்துதான் வரும் என்று மாதக்கணக்காக நாங்கள்தானே பழக்கியிருந்தோம்.

நான் செய்த இரண்டாவது தப்பு, அவள் வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்கப் பார்த்தது. ஒரு குடித்தனக்காரர் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார். ஆயா அந்த டம்ளரைத் தட்டிவிட்டார். "கிருஷ்ணாயில் குட்ச்ச புள்ளைக்கு வாந்தி வராத பாத்துக்கணும். எங்க குப்பத்துல அப்படித்தான் ஒன்னு போச்சு. தூக்கு, ஓடு!" என்றார். என்னால் நகரவே முடியவில்லை. ஆயாதான் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினார். டோல்கேட், தண்டையார்பேட்டை என்று லாரிகளுக்கு இடையில் நுழைந்து ஸ்டான்லிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் பிள்ளை இருமிக்கொண்டே இருந்தாள். பாதி வழியில் இருமல் குறைந்து கண் செருகியது. அந்தப் பாதி வழியைப் பற்றி இதற்குமேல் எழுத முடியாது.

ஆயா சொன்னது எவ்வளவு சரி என்று மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. மண்ணெண்ணெய் வயிற்றில் செய்யும் கெடுதலைவிட நுரையீரலில் செய்யும் கெடுதல்தான் பெரியது. நீர்த்தது, சட்டென்று பரவும். விழுங்கும்போது கொஞ்சம் மூச்சுக்குழாயில் இறங்கினாலே நுரையீரல் வெந்துபோய் நிமோனியா மாதிரி ஆகிவிடும். வாந்தி எடுக்கவைத்தால் போனது மறுபடி மேலே ஏறி, இரண்டாம் முறையும் நுரையீரலுக்குள் இறங்க வாய்ப்பு. ஆகவே வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. உப்புத் தண்ணீரும் கூடாது. நனைந்த உடுப்பைக் கழற்றி, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

பணியில் இருந்த பெண் மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: "எதுல வச்சிருந்தீங்க?"

"கிரைப் வாட்டர் பாட்டில்ல."

அவர் பேனாவை நிறுத்தவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. "எல்லாரும் இப்படித்தான். ஜூஸ் பாட்டில், சோடா பாட்டில், டம்ளர். யாரும் மண்ணெண்ணெய் டின்லேருந்து குடிக்கிறதில்ல" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஐந்து நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பள்ளியிலிருந்து நேராக ஓடிவந்த மனைவி அந்த ஐந்து நாளும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆயா மட்டும் தினமும் மீன் கூடையை வெளியே யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வார்டுக்கு வந்து, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுப் போவார்.

வீடு திரும்பிய அன்று, மனைவி வீட்டிலிருந்த எல்லா டின், பாட்டில், டப்பாவையும் கூடத்தில் கொட்டினாள். இரண்டு குவியலாகப் பிரித்தாள். சாப்பாடு இருந்தவை ஒரு பக்கம். சாப்பாடு இல்லாதவை ஒரு பக்கம். நான் மெல்ல, "இனிமே லேபிள் ஒட்டி வச்சிடறேன்" என்றேன். அப்போதுதான் அவள் வாய் திறந்தாள். "நீங்க லேபிள் ஒட்டினாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றாள். அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள் அவள். எழுத்துத் தெரியாதவர்கள் எதைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று சட்டம். வாய்க்குப் போகும் பொருள் இருந்த பாத்திரத்தில் வாய்க்குப் போகக் கூடாத எதையும் வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய், ஆசிட், பினாயில், பூச்சி மருந்து எதுவானாலும் வந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். ஒரு ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஒரு பொருளுக்கு மறுவேலை கொடுக்கும் முன்னால், வீட்டிலேயே சின்னவரின் கண்ணால் அதை ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த மூன்றாவதுக்காக நான் நிஜமாகவே முழங்காலிட்டுத் தரையிலிருந்து சமையலறையைப் பார்த்தேன். அதுவரை கண்ணில் படாத எத்தனையோ தெரிந்தன. மேசை விளிம்பில் தொங்கும் துணி, அடுக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி, எலிப் பாஷாணம்.

பல வருடம் கழித்து இலங்கையைச் சேர்ந்த விஜய கொடகும்புர என்ற அறுவை சிகிச்சை மருத்துவரைப் பற்றிப் படித்தேன். அங்கே மின்சாரம் இல்லாத வீடுகளில் காலி மருந்து பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்டு விளக்காக எரிப்பார்களாம். நம் பக்கத்திலும் மின்வெட்டு நாட்களில் அதே விளக்குதான். உயரமான, லேசான பாட்டில். கை பட்டால் கவிழும், உருளும், எண்ணெய் கொட்டித் தீப்பிடிக்கும். வெந்துபோய் வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்து செய்து மனம் நொந்த அந்த மருத்துவர், கவிழாத விளக்கு ஒன்றைத் தேடினார். அவருக்கு வழி காட்டியது ஒரு காலி மார்மைட் பாட்டில். குட்டையாக, கனமாக, உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருக்கும் அல்லவா? அதேபோலத் தடித்த கண்ணாடியில், கவிழ்ந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகு மூடியோடு ஒரு விளக்கைச் செய்து, மிகக் குறைந்த விலையில் பரப்பினார். 1998-இல் அதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. படித்தபோது அழுகை வந்துவிட்டது. அவரும் ஒரு காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் யோசித்திருக்கிறார். ஆனால் இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

அந்த விபத்துக்குப் பிறகு நான் கைவேலையை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். விட முடியவில்லை. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, தெரு முனைத் தொட்டியிலிருந்து தண்ணீர் தூக்கியபோது, பெரிய பேரனுக்கு மகன் வாங்கிய தள்ளுவண்டிதான் கை கொடுத்தது. பிள்ளை அதில் உட்கார மறுத்துவிட்டான். இரண்டு குடத்தை அதில் வைத்துப் பெல்ட்டைப் போட்டால் ஒரு சொட்டு சிந்தாமல் வீடு வந்து சேரும். அறுபத்து நாலு வயது இடுப்புக்கு அதைவிட நல்ல கண்டுபிடிப்பு கிடையாது. தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் நாலு தள்ளுவண்டி வரிசையில் நின்றது.

வேறு மாதிரி மறு உபயோகத்தையும் பார்த்திருக்கிறேன். 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோது, எங்கள் கரையில் பாறைகளுக்கு நடுவே தார் மாதிரி மிதந்ததை மீனவர்களும் மாணவர்களும் வீட்டு வாளியால்தான் அள்ளினார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டும் அதே பிளாஸ்டிக் வாளிகள். உலகமே அவர்களைப் பாராட்டியது. எனக்கு அதைப் பாராட்டத் தோன்றவில்லை. வேறு எதுவும் கையில் இல்லாதவர்கள் வாளியை எடுத்தார்கள். அதைச் சாமர்த்தியம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. மூன்று மாதத்தில் வேலைக்குப் போக வேண்டிய தாயின் கால் விரலில் தூளிக் கயிற்றைக் கட்டியதும் அப்படித்தான். அன்றைக்கு அதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். அவளுக்குத் தேவைப்பட்டது கயிறு இல்லை, இன்னும் மூன்று மாதம்.

இதை எழுதி முடித்ததும் மகளுக்கு அனுப்பினேன். இரண்டு மணி நேரம் பதில் இல்லை. பிறகு தொலைபேசி வந்தது.

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லப்பா" என்றாள்.

"ஒன்றரை வயசுல எப்படிம்மா ஞாபகம் இருக்கும்?"

"அம்மா உங்களைத் திட்டவே இல்லையா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பினாயிலை அன்னிக்கே பழைய கேன்லயே ஊத்திட்டேன். நீங்க கத்தினது கோபமா இருந்துச்சு, அதனால சொல்லல" என்றாள்.

"அந்த ஜூஸ் பாட்டில்?"

"குப்பைல போடலாம்னு எடுத்தேன். உங்க பேரன் விடல. உள்ள நாலு பட்டாணிய போட்டு மூடிய இறுக்கமா திருகி, மேல டேப் சுத்திக் குடுத்திருக்கேன். கிலுகிலுப்பை. சரிதானேப்பா?"

டேப் பிரியாமல் இருக்கிறதா என்று தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பட்டாணி மூக்கில் போகும்.